பிரிவினைக் கோடும் மலைநாட்டு மக்களும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், அட்டன் நகரை அடுத்த பாடசாலையொன்றிலே உயர்தர வகுப்பு மாணவருக்கு அரசறிவியல் கற்பித்துக் கொண்டிருந்தேன். அன்றைய பாடம் பிளவுபட்ட தீவுகளைப் பற்றியது. கரும்பலகையிலே முதலில் அயர்லாந்தை வரைந்து அதன் வடகிழக்கு மூலையைக் கோட்டினாற் பிரித்துக் காட்டினேன். அடுத்துச் சைப்பிரஸ் தீவை வரைந்து அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். இறுதியாக நமது இலங்கையை வரைந்து, 1976 ஆம் ஆண்டிலே தனிநாடாகக் கோரப்பெற்ற வடக்கு, கிழக்கு மாகாணங்களின் எல்லையைப் புள்ளிகளாற் குறித்தேன். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்தாள். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள். “சேர், இந்தக் கோட்டுக்கு நம்ம அட்டன் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பு மலைநாட்டுத் தலைவர்களையும் வடபுலத்துத் தலைவர்களையும் எதிரெதிரே நிறுத்திய கேள்வி அதுவேயாகும். அந்தக் கேள்விக்கு அன்று என்ன மறுமொழி கூறப்பட்டது, அம்மறுமொழி சரியானதுதானா என்பவற்றையே இன்று உங்களுடன் சிந்திக்க விழைகின்றேன்.

முதலிலே வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வெற்றி பெற்றது. நுவரெலியாத் தொகுதியிலே வென்றவர் திரு. சௌமியமூர்த்தி தொண்டமான். மலைநாட்டுத் தொழிலாளரின் குரல் பாராளுமன்றத்திலே ஒலித்த அந்தக் காலம் மிகக் குறுகியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டிலே நிறைவேறிய சட்டங்களும் ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்களை நாடற்றவராக்கின; அவர்தம் வாக்குரிமையையும் பறித்தன. தேயிலையைப் பயிரிட்டு நாட்டுக்குப் பொருள் தேடித் தந்தவர்கள், அந்நாட்டின் வாக்காளர் இடாப்பிலே பெயரில்லாதவராயினர்.

அந்த வேளையிலே வடபுலத்திலிருந்து எழுந்த குரலொன்றை நாம் மறக்கலாகாது. திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் அச்சட்டத்தை வன்மையாக எதிர்த்தார். இன்று தோட்டத் தொழிலாளருக்கு நேர்வது நாளை ஏனைய தமிழருக்கும் நேரும் என்று எச்சரித்தார். இப்பிரச்சினையிலே தமது கட்சித் தலைமையோடு முரண்பட்டுத் தமிழ்க் காங்கிரசை விட்டு விலகி, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். அக்கட்சியின் பிறப்பிலேயே மலைநாட்டு மக்களின் துயரத்துக்கும் ஒரு பங்குண்டு. ஆதலால், வடபுலத்தார் எம்மை என்றுமே எண்ணியதில்லை என்று கூறுவோர் வரலாற்றின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டே படிக்கின்றனர் எனலாம்.

எச்சரித்தவாறே பின்னர் நிகழ்ந்தது. 1956 இலே தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 இலே செய்யப்பட்ட பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கை அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 1958 இலே இனக்கலவரம் மூண்டது. 1972 மே மாதத்திலே புதிய குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. அந்த யாப்பு நிறைவேறுந் தறுவாயிலே, மே 14 ஆம் திகதி, திருகோணமலையிலே தமிழர் கூட்டணி உருவாயிற்று. வடக்குக் கிழக்குக் கட்சிகளோடு மலைநாட்டின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் அதில் இணைந்தது. பின்னர் அவ்வியக்கம் தமிழர் விடுதலைக் கூட்டணியாகியபோது செல்வநாயகம், ஜீ. ஜீ. பொன்னம்பலம், தொண்டமான் ஆகிய மூவரும் அதன் கூட்டுத் தலைவர்களாக விளங்கினர்.

இனி 1976 ஆம் ஆண்டு மே 14 ஆம் திகதிக்கு வருவோம். வட்டுக்கோட்டைத் தொகுதியைச் சேர்ந்த பண்ணாகத்திலே கூட்டணியின் மாநாடு கூடியது. தமிழீழம் என்னும் தனியரசை அமைப்பதே இனி வழி என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தத் தீர்மானத்திலேயே ஒரு குறிப்பு இடம்பெற்றிருப்பதைப் பலர் அறியார். வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்ந்து உழைக்கும் தோட்டத் தொழிலாளரின் சங்கம் என்ற முறையில், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தனியரசுக் கோரிக்கை பற்றித் தனது தயக்கத்தைத் தெரிவித்திருப்பதை மாநாடு கவனத்திற் கொள்வதாக அக்குறிப்பு கூறுகின்றது. நண்பர்கள் கருத்து வேறுபடும்போது ஒருவரையொருவர் துரோகி என்று பழிக்காமல், அந்த வேறுபாட்டை எழுத்திலே பதிந்து வைத்த பண்பு அங்கே காணப்படுகின்றது. பிற்காலத்திலே நாம் இழந்துவிட்ட பண்புகளுள் அதுவும் ஒன்று.

தொண்டமான் ஏன் தயங்கினார்? அவர் அஞ்சினார் என்போர் உளர். ஆட்சியாளரின் தயவை நாடினார் என்போரும் உளர். 1978 செப்டெம்பரிலே திரு. ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கத்தில் அவர் அமைச்சரானபோது இக்குற்றச்சாட்டு மேலும் வலுப்பெற்றது. தனிமனிதரின் உள்ளத்தை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை. ஆயினும் அந்தத் தயக்கத்துக்கு அடிப்படையான காரணங்களை நாம் ஆராயலாம்.

முதலாவது காரணம் பூகோளம். நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, பதுளை, பண்டாரவளை ஆகிய இடங்கள் யாவும் அந்தக் கோட்டுக்கு வெளியேயுள்ளன. தோட்டங்களைச் சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். தோட்டங்கள் விரிந்தபோது தம் நிலத்தை இழந்த கண்டிய விவசாயிகளின் மனத்திலே நெடுநாளைய கசப்பொன்று உண்டு. அந்தக் கசப்பு நியாயமானதே. ஆனால் அதனைத் தோற்றுவித்தது வெள்ளையரின் ஆட்சியேயன்றி, பசிக்குப் பிழைக்க வந்த கூலித் தொழிலாளி அல்லன். தனிநாடு ஒன்று பிறக்குமாயின், “உங்களுக்குத்தான் ஒரு நாடு இருக்கின்றதே, அங்கே போங்கள்” என்ற சொல் முதலிலே விழுவது லயத்து வாசலிலேதான்.

இரண்டாவது காரணம் வாக்குரிமை. 1977 சூலையிலே நடைபெற்ற பொதுத் தேர்தலிலே கூட்டணி பதினெட்டு ஆசனங்களை வென்று, அதனைத் தனியரசுக்கான மக்கள் ஆணையாகக் கொண்டது. வடக்குக் கிழக்கு மக்கள் தம் கருத்தைக் கூறினர். அது அவர்களின் உரிமை. ஆனால் மலைநாட்டிலே பெரும்பகுதியினருக்கு அன்று வாக்கே இல்லை. நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார் என்பது உண்மை. எனினும் பிரிவினையை ஏற்கின்றீர்களா, மறுக்கின்றீர்களா என்று மலைநாட்டு மக்களை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மறுமொழி கூறுவதற்கு வாக்குச் சீட்டு அவர்களிடம் இல்லை.

மூன்றாவது காரணத்தை விளக்க, என் குடும்பத்துக் கதையைச் சிறிது கூற வேண்டும். என் தாயாரோடு உடன்பிறந்த ஆண்மக்கள் இருவர். மூவரும் ஒரே லயத்திலே, ஒரே எட்டடிக் காம்பராவிலே பிறந்தவர்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றோர் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு நாட்டு அரசாங்கங்களும் தீர்மானித்தன. 1974 இலே அந்த எஞ்சிய தொகையும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இலங்கைக் குடியுரிமையை நாடி விண்ணப்பித்தவர்கள், அதற்கென ஒதுக்கப்பட்ட தொகையிலும் மிகுதியானோர். கணக்கு மக்களுக்காக மாறவில்லை. மக்கள்தாம் கணக்குக்கேற்ப மாற வேண்டியிருந்தது.

என் மூத்த மாமனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அட்டன் நிலையத்திலே அவர் ஏறிய இரயிலை எங்கள் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள். தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரம் சென்று, நீலகிரி மலையிலே மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே அவர் கொழுந்துக் கூடையைச் சுமந்தார். 1984 இலே கப்பற் சேவை நின்றபின் அவரை என் தாயார் மீண்டும் காணவேயில்லை. இளைய மாமனோ, 1977 ஆகஸ்டிலே எழுந்த வன்செயலில் குடியிருந்த லயம் எரிந்துபோக, மனைவி மக்களோடு வவுனியாவுக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறினார். என் தாயார் மட்டும் மலையிலே எஞ்சினார். அவருக்கோ நெடுங்காலம் எந்த நாட்டுப் பத்திரமும் கிடைக்கவில்லை.

நேயர்களே, இந்தத் தீவிலே நிலத்தைப் பிரிக்க வேண்டும் என்ற தீர்மானம் 1976 இலே எழுந்தது. ஆனால் எங்களை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே பிரித்துவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பிரிவினை என்பது வரைபடத்திலே ஒரு கோடு; எங்களுக்கோ அது அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே விழுந்த கோடு. ஆகவே பிரிவினை என்ற சொல்லைக் கேட்டவுடன் மலைநாட்டு முதியோர் முகம் வாடியது கோழைமையால் அன்று, அனுபவத்தால்.

இப்போது உலகத்தைச் சற்று நோக்குவோம். அயர்லாந்தின் வடக்கே ஆறு மாவட்டங்கள் 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பிரிக்கப்பட்டன. 1921 டிசம்பரிலே கைச்சாத்தான உடன்படிக்கையை, 1922 சனவரி 7 ஆம் திகதி அயர்லாந்துப் பேரவை 64 க்கு 57 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. அதனை ஏற்றோரும் மறுத்தோரும் உள்நாட்டுப் போரிலே ஒருவரையொருவர் கொன்றனர். ஆனால் அந்த விவாதத்திலே மிகுதியாகப் பேசப்பட்டது மன்னருக்குச் செய்யும் சத்தியப்பிரமாணம் பற்றியேயன்றி, பிரிவினை பற்றி அன்று! பெர்மானா, டைரோன் என்னும் மாவட்டங்களிலே பெரும்பான்மையாக இருந்த கத்தோலிக்கர், தாம் விரும்பாத பக்கத்திலே விடப்பட்டனர். எல்லைக் கமிஷன் வந்து கோட்டைத் திருத்தும் என்று நம்பினர். 1925 இலே அந்த நம்பிக்கையும் பொய்த்தது. கோடு இருந்தவாறே இருந்தது.

சைப்பிரஸ் தீவு 1960 இலே விடுதலை பெற்றது. 1974 இலே கிரேக்க இராணுவ ஆட்சியாளரின் தூண்டுதலால் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பையும், அதனைத் தொடர்ந்த துருக்கியப் படையெடுப்பையும் அடுத்து அத்தீவு இரண்டாயிற்று. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்க இனத்தவர் வடக்கிலிருந்து தெற்கே ஓடினர். பல்லாயிரக்கணக்கான துருக்கிய இனத்தவர் தெற்கிலிருந்து வடக்கே சென்றனர். 1983 இலே வடக்கு தன்னைத் தனிநாடாக அறிவித்தது. துருக்கியைத் தவிர வேறெந்த நாடும் அதனை அங்கீகரிக்கவில்லை. 2004 ஏப்ரலிலே, தீவை இணைக்கும் திட்டமொன்று இரு சாராரின் வாக்குக்கும் விடப்பட்டது. துருக்கிய சைப்பிரஸ் மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 65 பேர் ஏற்றனர். கிரேக்க சைப்பிரஸ் மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 76 பேர் மறுத்தனர். திட்டம் வீழ்ந்தது.

இவ்விரு தீவுகளும் நமக்குக் கற்பிப்பது யாது? எந்தக் கோடும் எல்லாரையும் இரண்டு கூறாகச் சுத்தமாகப் பிரித்துவிடுவதில்லை. எப்போதும் ஒரு மிச்சம் இருக்கும். கோட்டை வரைவோர் தம் பெரும்பான்மையைப் பார்த்தே வரைகின்றனர். மிச்சமாக நிற்போரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்கின்றனர். அந்தப் ‘பின்னர்’ அயர்லாந்திலே முக்காற் நூற்றாண்டு நீடித்தது. 1998 மே மாதத்திலே வடக்கிலும் தெற்கிலும் ஒரே நாளில் மக்களிடம் வாக்குக் கேட்டு, பெரும்பான்மையின் சம்மதமின்றி எல்லையை மாற்றுவதில்லை என்றும், அதுவரை இரு சாராரும் அதிகாரத்தைப் பகிர்ந்து ஆள்வதென்றும் உடன்பட்ட பிறகே அங்கே துப்பாக்கி ஓய்ந்தது. பிரிவினையை ஏற்றலோ மறுத்தலோ அமைதியைத் தரவில்லை. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டதே அமைதியைத் தந்தது.

இனி, மறுபக்கத்து வாதத்துக்கும் இடமளிப்பதே நேர்மை. தொண்டமானின் வழியைக் குறை கூறுவோர் கேட்பது இது: “தனித்து நின்றதனால் மலைநாட்டார் பாதுகாப்புப் பெற்றனரா? 1977 இலும், 1981 இலும், 1983 சூலையிலும் அவர்களும்தானே தாக்கப்பட்டனர்? பிரிவினையைக் கோராதவரையும் கோரியவரைப் போலவே நெருப்புத் தீண்டவில்லையா?” இக்கேள்வி வலிமையுடையது. மலைநாட்டார் இருதலைக் கொள்ளி எறும்பின் நிலையில் இருந்தனர் என்பதை நான் மறுக்கவில்லை. பிரிவினையை மறுத்தமை அவர்களின் கூரையைக் காக்கவில்லை.

ஆயினும் அவர்கள் இருந்த இடத்திலேயே நின்று போராடியதனால் விளைந்த பயனொன்று உண்டு. 1983 ஆகஸ்டிலே நிறைவேறிய ஆறாவது திருத்தச் சட்டம் தனிநாடு கோருவதைத் தடை செய்தது. சத்தியஞ் செய்ய மறுத்த கூட்டணியினர் பாராளுமன்றத்தை இழந்தனர். அந்த வேளையிலே பாராளுமன்றத்திலே எஞ்சி நின்ற தமிழ்க் குரல்களுள் மலைநாட்டின் குரலும் ஒன்று. 1986 சனவரியிலே தோட்டங்கள்தோறும் தொழிலாளர் வேலையை நிறுத்திப் பிரார்த்தனை இயக்கம் நடத்தினர். கல்லெறியவில்லை, கோயில் முன்றிலிலே அமர்ந்தனர். நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அந்த ஆண்டிலே வந்தது. 1988 இலே மற்றொன்று வந்தது. 2003 ஒக்டோபரிலே இறுதிச் சட்டம் நிறைவேறியபோது, எஞ்சியிருந்த ஏறக்குறைய 1,68,000 பேரும் குடிமக்களாயினர். அவர்களுள் என் தாயாரும் ஒருவர். அறுபது வயதைக் கடந்தபின் முதன்முறையாக வாக்களித்து வந்து, மை பூசிய விரலை மூன்று நாள் கழுவாமல் வைத்திருந்தார்.

இதனால் மலைநாட்டாரின் வழியே முழுதும் வென்றது, வடபுலத்தாரின் வழி முழுதும் தோற்றது என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறிய எம்மவர் பலர் 2009 மே மாதத்திலே முடிவுற்ற போரிலே மாண்டனர். என் இளைய மாமனின் மூத்த மகன் இன்றும் வீடு திரும்பவில்லை. அந்தத் துயரத்திலே வடக்கார், மலையகத்தார் என்ற பிரிவு ஏது? 1985 இலே திம்பு நகரிலே பேசச் சென்ற தமிழ் இயக்கங்கள் முன்வைத்த நான்கு கோட்பாடுகளுள் நான்காவது, இத்தீவைத் தம் நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும் என்பதாகும். கோட்டுக்கு வெளியே நின்றவர்களையும் அவர்கள் நினைத்தார்கள் என்பதற்கு அது சான்று. தனியரசு வேண்டும் என்றவரும், வேண்டாம் என்றவரும் தத்தம் மக்களின் துன்பத்திலிருந்தே பேசினர். ஒருவரின் துன்பத்தை மற்றவர் கேட்கத் தவறியபோதே ‘துரோகம்’ என்ற சொல் பிறந்தது.

நான் ஓர் ஆசிரியன், கட்சிக்காரன் அல்லன். மாணவருக்கு நான் சொல்வது இவ்வளவே. ஒரு நாட்டைப் பிரிக்க வேண்டும் என்று எவரேனும் கூறினாலும், பிரிக்கவே கூடாது என்று எவரேனும் கூறினாலும், அவர்களிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “நீங்கள் வரையும் கோட்டுக்கு வெளியேயோ, நீங்கள் காக்கும் எல்லைக்கு உள்ளேயோ மிச்சமாக நிற்பவரின் கதி என்ன?” பிரிவினை கூடாது என்பவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. ஒரே நாடு என்று சொல்வோர், அந்த ஒரே நாட்டிலே எல்லாருக்கும் ஒரே மதிப்பைத் தரவேண்டிய கடனுடையவர். தம் வீட்டு நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாமல், பழைய லயத்துக் கூரையின் கீழே இன்னும் குடும்பங்கள் வாழும்வரை அந்தக் கடன் தீர்ந்ததாகாது.

2023 ஆம் ஆண்டிலே, எம் முன்னோர் இத்தீவுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தனர். முன்னோர் காட்டினூடே நடந்து, வழியிலே நோயாலும் பசியாலும் மாண்ட அதே திசை. எங்கள் பாடசாலையிலிருந்தும் சிலர் சென்றிருந்தார்கள். அன்று கரும்பலகை முன்னே கேள்வி கேட்ட மாணவியும் அவர்களுள் ஒருத்தி. இப்போது அவளும் ஓர் ஆசிரியை. வடக்கிலிருந்து மத்திய மலையடிவாரம் வரை, நான் புள்ளியிட்டுக் காட்டிய அந்தக் கோட்டை அவள் கால்நடையாகவே கடந்திருக்கின்றாள். வழியிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீர் கொடுத்தார்கள் என்று வந்து சொன்னாள்.

அவளுடைய கேள்விக்கு அன்று வகுப்பிலே நான் உடனே விடை கூறவில்லை. “அட்டன் கோட்டுக்கு வெளியே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இன்று அவ்விடையைச் சற்றுத் திருத்திக் கூறுவேன்: கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதை வரைபடம் சொல்லும், கோட்டை வரைய முன்னர் எங்களைக் கேட்டீர்களா என்பதை நாமே கேட்க வேண்டும்.